பங்காளிக்கு முதல் மரியாதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே பிரான்ஸின் பொர்தோவில் மழை விட்டபாடில்லை.

மாப்பிள்ளை கொண்டுவந்த ஒயின் பாட்டில் லட்சம் பெறுமா என்று கேட்டிருந்தாய். பெறாது. அதில் இருப்பது 'மூட்டோன் காதே'. 1930-இல் மூட்டோன் ரோத்ஸ்சைல்ட் என்ற தோட்டத்தில் விளைச்சல் சரியில்லாமல் போனபோது அந்த ஒயினை விற்கக் கண்டுபிடித்த பெயர் அது. இப்போது பொர்தோ வட்டாரத்தின் பல தோட்டங்களிலிருந்தும் சரக்கு எடுத்துச் செய்கிறார்கள். தாராளமாகத் திறந்து குடி.

லட்சக் கதை எல்லாம் போயாக் ஊரில் இருக்கும் மூட்டோன் ரோத்ஸ்சைல்ட் தோட்டத்துக்குத்தான். 1853-இல் நதானியல் ரோத்ஸ்சைல்ட் அதை ஏலத்தில் எடுத்தார். இரண்டே வருடத்தில், பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் விலையை வைத்துத் தோட்டங்களைத் தரம் பிரித்தார்கள். முதல் வரிசையில் நான்கு. மூட்டோனுக்கு இரண்டாம் வரிசை. ஒட்டினாற்போல் இருக்கும் லஃபீத் முதல் வரிசை. 1868-இல் அதையும் இதே குடும்பத்தின் இன்னொரு கிளை வாங்கியது. பங்காளிக்குக் கோயிலில் முதல் மரியாதை கொடுத்துவிட்டு நம்மை அடுத்து நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

1922-இல் இருபது வயதில் மூட்டோன் பொறுப்பை ஏற்ற, நதானியல் வழிவந்த ஃபிலிப் அந்தக் கோபத்தை ஆயுள் முழுக்கக் காத்தார். அப்போதெல்லாம் ஒயினைப் பீப்பாயோடு வியாபாரிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். பாட்டிலில் அடைப்பது அவர்கள் பாடு, உள்ளே எதைக் கலந்தாலும் கேட்க ஆள் கிடையாது. 1924 முதல் தோட்டத்திலேயே அடைக்க வைத்தார் ஃபிலிப். பீப்பாய்களை வைக்க இடம் வேண்டுமே? 1926-இல் நூறு மீட்டர் நீளக் கிடங்கு கட்டினார். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். ஊர் பேசுவதோ லேபிளைத்தான்: 1945-க்குப் பிறகு வருடம் ஒரு ஓவியர், கூலி ஒயினாகவே. தாலி, ஷகால், 2009-க்கு மும்பையில் பிறந்த அனிஷ் கபூர்.

கடைசியில் 1973-இல், அப்போது விவசாய அமைச்சராக இருந்த ஷிராக் கையெழுத்துப் போட, மூட்டோன் முதல் வரிசைக்கு ஏறியது. அந்த வருட லேபிளில் பிக்காசோ.

வேடிக்கை என்னவென்றால், 1976-இல் பாரிஸில் பெயரை மறைத்துச் சுவைத்துப் பார்த்த போட்டியில் கலிஃபோர்னியா ஒயின் ஒன்று முந்திக்கொண்டது. சிவப்பு ஒயின் பிரிவில் மூட்டோனுக்கு மறுபடியும் இரண்டாம் இடம்! தீர்ப்புச் சொன்னவர்களும் பிரெஞ்சுக்காரர்களே.

சுகர் மாத்திரையை விட்டுவிடாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி