பொன் தூள் டப்பாவில் என்ன இருக்கிறது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் கேக் அலங்காரப் பொருட்கள் விற்கும் வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். வீட்டில் கேக் செய்து விற்பவள் நான். உங்கள் கடைகளுக்கு அடிக்கடி வருபவள். கேக்குக்குப் பொன்னிற மினுமினுப்புத் தர நீங்கள் விற்கும் ‘கோல்ட் டஸ்ட்’ தூள் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற வாரம் ஒரு பிள்ளையின் புதுநன்மை (தேவாலயத்தில் முதல் முறை நற்கருணை வாங்கும் விழா) கேக்குக்காக வாங்கிய டப்பா இதோ மேசையில் இருக்கிறது. கட்டைவிரல் பருமன்தான். ‘நச்சற்றது’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். உட்பொருட்கள் எவை, தயாரித்தவர் யார், உணவு உரிம எண் எது, ஒன்றுமே இல்லை. நீங்கள் ஒட்டிய விலைச்சீட்டை நகத்தால் சுரண்டியபோது, சீட்டு மறைத்திருந்த இடத்தில் பொடி எழுத்தில் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்றிருந்தது. விலைச்சீட்டு ஒட்ட வேறு இடமா கிடைக்கவில்லை?

அதற்குள் தூளை எலுமிச்சை எசென்ஸில் குழைத்து, ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவில் செய்த திருக்கிண்ணத்துக்குப் பூசி முடித்திருந்தேன். கேக் சொல்லியிருந்த தாய் பார்க்க வந்தவர், “அக்கா, இதைப் பிள்ளைகள் சாப்பிடலாமா?” என்று கேட்டார். கடைக்குப் போன் செய்தேன். “எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகிறார்கள், யாரும் ஒன்றும் சொன்னதில்லை” என்றார்கள். கிண்ணத்தைப் பெயர்த்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் மஞ்சள் நிறத்தில் இரவோடு இரவாக வேறொன்று செய்தேன். அந்தத் தாயின் முகத்தில் மலர்ச்சியே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

கிரேயான் பெட்டியில்கூடத்தான் ‘நச்சற்றது’ என்று போட்டிருக்கிறது. அதைத் தோசையில் தூவுவோமா? உண்ணத்தக்க மினுமினுப்புத் தூள் அபிரகத்தின் (மைக்கா) மேல் உணவு நிறமிகளைப் பூசிச் செய்வது. கைவினைப் பொருட்களுக்கான பொன் தூளோ பல சமயம் பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 2018-இல் இப்படிப்பட்ட தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைத் தின்ற ஆறு குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் துன்பப்பட்டார்கள். காரணம் செம்பு. அடுத்த ஆண்டு மிசௌரியில் கேக் அலங்காரத் தூளிலிருந்த ஈயம் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஏறியிருந்தது.

ஆகவே கேட்கிறேன்: உட்பொருள் பட்டியலும் 14 இலக்க உரிம எண்ணும் உள்ள தூளை மட்டும் கேக் பொருட்களோடு வையுங்கள். மற்றதைக் காகிதப் பூ, களிமண் சாமான்கள் பக்கம் தள்ளுங்கள்.

தங்கம் விற்கிற விலையில் கேக்கிலாவது தங்கம் வேண்டுமென்று எல்லாரும் ஆசைப்படுவது எனக்கும் தெரியும். உணவில் சேர்க்கக் கூடாத ரோடமின்-பி சாயம் இருந்ததற்காக 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயையே தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். தெருத்தெருவாக அலைந்து விற்றவர்களின் பிழைப்பில் மண். குளிரூட்டிய கடையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தால் மட்டும் எந்தத் தூளும் புனிதமாகிவிடுகிறது போலும்!

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்கான கொள்முதலை நீங்கள் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிட நினைத்தேன். மொத்த வியாபாரியிடம் உட்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தச் சரக்கை எடுக்காதீர்கள். நல்ல தூளுக்கு விலை கூடுதல் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், தருகிறோம். விலைச்சீட்டை மட்டும் தயவுசெய்து டப்பாவின் அடியில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி