கடலில் கரையும் உரம்

ஆசிரியருக்கு,

உர மானியம் பற்றிய தங்கள் ஆசிரியர் தலையங்கத்தைப் படித்தேன். இறக்குமதிச் செலவைக் கணக்கிட்ட அது, கொழும்பு நாள்தோறும் கடலில் விடும் உரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள நீண்ட குழாய்கள் வழியே நகரின் மலசலக் கழிவுநீர் கரைக்கு அப்பால் கடலில் சேர்கிறது. வீட்டுக் கழிவுநீரிலுள்ள பயிர்ச் சத்துகளான நைதரசனில் ஏறத்தாழ 80 சதவீதமும் பொசுபரசில் பாதியளவும் சிறுநீரிலிருந்தே வருகின்றன. சேகரித்த சிறுநீரில் மகனீசிய உப்பைச் சேர்த்தால் ஸ்ட்ரூவைட் என்னும் வெண்படிகம் அடியில் படியும். உலர்த்தினால் மெதுவாகக் கரையும் நல்ல பொசுபரசு உரம்.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின் கிளிநொச்சியில் என் சிற்றப்பாவின் வயலில் நின்றேன். நெற்பயிர் முழங்கால் உயரம்கூட இல்லாமல் மஞ்சளித்துக் கிடந்தது. ஒரு நெற்பயிரைப் பிடுங்கி என் கையில் தந்தார், எதுவும் பேசவில்லை. சிறுநீரைத் தனியே பிரிக்கும்படி முழு நகரின் கழிப்பறைகளையும் ஒரே நாளில் மாற்ற இயலாதுதான். கோட்டை புகையிரத நிலையக் கழிப்பறைகளில் சிறுநீரைத் தனியே சேகரித்து, மாநகர சபையும் ஒரு பல்கலைக்கழகமும் இணைந்து சிறிய உர ஆலையொன்றைத் தொடங்கட்டும். தொழிற்சாலைக் கழிவு அங்கே கலக்காததால் உரத்தில் நச்சுப் பார உலோகங்கள் சேரும் அச்சமும் குறைவு.

வாசகர்,
கொழும்பு 06