மேக்கஸ் யாருகிட்ட சார் வாய்ப்பு கேட்டாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல, வெளிநாட்டுக்குப் போய் சொந்தமா படம் எடுத்தவங்கள பத்தின கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நல்லா இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா ஐரோப்பால இருக்கற லித்துவேனியாலருந்து அமெரிக்கா போய் படம் எடுத்த ஜோனஸ் மேக்கஸுக்கு நாலே வரிதான், அதுலயும் கடைசி வரைக்கும் பெரிய படம் பண்ண வாய்ப்பு கிடைக்காதவருங்கற மாதிரி முடிச்சு விட்டுட்டாங்க. அதான் தாங்கல, உக்காந்து எழுதறேன்.

நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணி பொழைக்கறவன். சினிமா படிப்பெல்லாம் கிடையாது. ஒரு நைட்டு வேலை முடியாம கண்ணு எரிஞ்சுகிட்டு இருந்தப்ப, இவரோட படம் ஒண்ண போட்டு விட்டு பாதியில தூங்கிடலாம்னு ஆரம்பிச்சேன், விடிஞ்சுருச்சு. லாஸ்ட் லாஸ்ட் லாஸ்ட்னு பேரு, 1976ல வந்தது, கிட்டத்தட்ட மூணு மணி நேரம். கதைனு ஒண்ணும் கிடையாது. லித்துவேனியாலருந்து அகதியா வந்தவங்க நியூயார்க் புரூக்ளின்ல கூடறாங்க, கல்யாணம் நடக்குது, சாப்புடறாங்க, ஆடறாங்க, மீட்டிங் போடறாங்க, ஊர்வலம் போறாங்க. அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவோம்ங்கற நம்பிக்கை அத்தனை மூஞ்சிலயும் இருக்கு. போக முடியலன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. கேமரா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னு பாத்துட்டே இருக்கு. மூணு மணி நேரத்துல மேக்கஸ் கொஞ்சம் கொஞ்சமா அந்தக் கூட்டத்துலருந்து நழுவி நியூயார்க் கவிஞர்கள், சினிமாக்காரங்க பக்கம் போயிடறாரு, நழுவறத அவரே காட்டறாரு. புலம்பெயர்ந்தவங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், வெளிய சொல்ல மாட்டோம் அவ்வளவுதான்.

ஆளோட கதைய கொஞ்சம் சொல்லிடறேன். 1922ல லித்துவேனியால ஒரு விவசாயக் குடும்பத்துல பொறந்தவரு. 1944ல தம்பி அடால்ஃபஸோட ஊர விட்டுக் கிளம்புனாரு, வழியில ஜெர்மன்காரங்க ரயில நிறுத்தி ஹாம்பர்க் பக்கத்துல எல்ம்ஸ்ஹார்ன்ங்கற ஊர்ல கட்டாய வேலை முகாம்ல போட்டுட்டாங்க. போர் முடிஞ்சும் அகதி முகாம்தான், நடுவுல மைன்ஸ் யுனிவர்சிட்டில தத்துவம் படிச்சாரு. 1949 அக்டோபர் கடைசில கப்பல்ல நியூயார்க் வந்து எறங்குனாங்க. உண்மைல போக வேண்டியது சிகாகோ, அங்க ஒரு பேக்கரில வேலை ரெடியா இருந்துச்சு. நியூயார்க்க பாத்ததும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேக்கரியாவது ஒண்ணாவதுன்னு அங்கேயே தங்கிட்டாங்க. கெடச்ச ஃபேக்டரி வேலைக்குப் போனாரு. வந்து கொஞ்ச நாள்லயே கடன் வாங்கி ஒரு கேமரா வாங்கிட்டாரு, போலெக்ஸ், 16 எம்எம்.

இந்த போலெக்ஸ பத்தி சொல்லியே ஆகணும், கட்டுரைல இது வரவே இல்ல. அது பேட்டரில ஓடறது இல்ல. பழைய கடிகாரத்துக்கு சாவி குடுக்கற மாதிரி பக்கத்துல இருக்கற கைப்பிடிய சுத்தணும், உள்ள ஸ்ப்ரிங் இறுகும், ஒரு தடவ முழுசா சுத்துனா சுமார் 28 செகண்ட் ஓடும், அவ்வளவுதான். 100 அடி ரோல் போட்டா மூணு நிமிஷம் கூட வராது. ஒவ்வொரு ஃப்ரேமா தட்டித் தட்டியும் எடுக்கலாம். இப்ப யோசிச்சுப் பாருங்க, வேலைக்குப் போற ஆளு, கையில காசு இல்ல, மூச்சு விட நேரம் இல்ல, கிடைக்கற கேப்புல ரெண்டு செகண்ட் மூணு செகண்ட்னு எடுக்கறாரு, ஒரு காபி கப்பு, ஜன்னல்ல பனி, நண்பரோட கொழந்த, திரும்பவும் பனி. பின்னால இதத்தான் டயரி சினிமான்னு சொன்னாங்க. பெருசா யோசிச்சு கண்டுபிடிச்ச ஸ்டைல் இல்ல சார், நேரம் இல்லாதவனோட ஸ்டைல். படம் எடுக்க ரெடி ஆயிட்டு இருக்கோம், அதுவரைக்கும் சும்மா பயிற்சின்னு நெனச்சு எடுத்தது, பாத்தா அதுதான் படமா இருந்துச்சு. 1969ல வால்டன்னு மூணு மணி நேரத்துக்கு அத கோத்து வெச்சாரு.

இதுல ஒரு கூத்து. 1954ல தம்பியோட சேந்து ஃபிலிம் கல்ச்சர்னு பத்திரிகை ஆரம்பிச்சவரு, அதுல முதல் வருஷமே அமெரிக்காவோட சோதனைப் படக்காரங்கள, அதாவது வழக்கமான சினிமா மாதிரி இல்லாம புதுசா முயற்சி பண்றவங்கள பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு, விடலைப் பசங்க வேலைன்னு. கொஞ்ச வருஷத்துல அதே ஆளுங்களுக்கு காவல்காரரா ஆயிட்டாரு. 1958லருந்து வில்லேஜ் வாய்ஸ் பேப்பர்ல வாராவாரம் எழுதுனாரு, யாரும் தியேட்டர் குடுக்காத படங்கள பத்தி. அபிப்பிராயத்த மாத்திக்கறத அசிங்கமா நெனைக்காத விமர்சகர் எத்தன பேரு இருக்காங்க சொல்லுங்க.

அப்புறம் 1962ல ஃபிலிம் மேக்கர்ஸ் கோவாப்பரேட்டிவ், படம் எடுக்கறவங்களே சேந்து தங்க படங்கள வாடகைக்கு விடற கூட்டுறவு. இதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். யார் படம் குடுத்தாலும் எடுத்துக்குவாங்க, நல்ல படமா கெட்ட படமான்னு பாத்து ஒதுக்க மாட்டாங்க. வாடகை எவ்வளவுன்னு எடுத்தவங்களே முடிவு பண்ணலாம், படமும் அவங்களுக்கே சொந்தம். மேக்கஸ் குடியிருந்த எடத்துலதான் ஆபீஸ், படப்பெட்டிங்களுக்கு நடுவுலதான் அவரு தூங்குனது. பணம் போடறவன் காலடில விழாம படத்த ஜனங்ககிட்ட எப்படி கொண்டு போறதுங்கறதுக்கு அவரு கட்டுன வழி அது. இன்டிபென்டன்ட் சினிமான்னா கம்மி பட்ஜெட்ல ஒண்ணு எடுத்துட்டு பெரிய கம்பெனி கூப்புடற வரைக்கும் போன பாத்துட்டு இருக்கறதுன்னு நாம நெனைக்கறோம். அவரு வாசல்ல நின்னு காத்துட்டு இருக்கல, பக்கத்துல தனியா ஒரு வீடே கட்டிட்டாரு. அத போய் வாய்ப்பு கிடைக்காதவருன்னு எழுதுனா எப்படி?

சும்மாவும் நடக்கல இதெல்லாம். 1964ல ஆபாசம்னு தடை போட்ட படங்கள காட்டுனதுக்கு போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு, தண்டனையும் ஆச்சு, ஆனா அந்தத் தண்டனைய நிறுத்தி வெச்சாங்க. இன்னொரு தடவ, ஒரு நாடகம் நடந்துட்டு இருந்த தியேட்டர அரசாங்கம் பூட்டிருச்சு, இவரும் நடிகர்களும் ராத்திரி திருட்டுத்தனமா உள்ள போய் ஒரே நைட்ல அத படமா எடுத்துட்டு வந்தாங்க. அது வெனிஸ் திரைப்பட விழாவுல டாக்குமெண்டரின்னு பரிசு வாங்குச்சு, எடுத்தது நாடகத்த! 1970ல இந்த மாதிரி படங்கள பாதுகாத்து வெச்சு போட்டுக் காட்டறதுக்கு ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ் ஆரம்பிச்சாங்க, அந்த முதல் தியேட்டர்ல சுவரு சீட்டு எல்லாம் கருப்பு, பக்கத்து சீட்டுக்காரர் தெரியக்கூடாதுன்னு நடுவுல தடுப்பு வேற. அது ரொம்ப நாள் நிக்கல, ஆனா ஆர்கைவ்ஸ் இன்னும் இருக்கு, நியூயார்க்ல ஒரு பழைய கோர்ட்டு கட்டிடத்துல.

ஒரு விஷயத்த மறைக்கவும் விருப்பமில்ல. நாஜிகள் லித்துவேனியாவ பிடிச்சு வெச்சிருந்த காலத்துல இவரு வேலை பாத்த பேப்பர்கள்ல யூத வெறுப்பு பிரச்சாரம் வந்துச்சுன்னு 2018ல ஒரு வரலாற்று ஆய்வாளர் எழுதுனாரு. மேக்கஸ் எழுதுனது கவிதையும் இலக்கியமும்தான், வெறுப்பு எழுதல, ஆனா வாழ்க்கை பூரா ஞாபகத்தயே படமா எடுத்தவரு அந்த ஊர் யூதர்களுக்கு நடந்தத பத்தி ஏன் இவ்வளவு கம்மியா பேசுனாருங்கற கேள்வி நியாயமான கேள்விதான். பாராட்டறவங்க இத தாண்டி குதிச்சுப் போறது எனக்குப் பிடிக்கல. அவரு படம் பாக்கறப்ப இப்ப எனக்கு அதுவும் சேந்தே ஓடுது.

27 வருஷம் கழிச்சு 1971ல ஊருக்குப் போனாரு. அத வெச்சு எடுத்த படத்துல அம்மா வீட்டுக்கு வெளிய அடுப்பு மூட்டி உருளைக்கிழங்கு அடை சுடறாங்க. அவ்வளவுதான் சீன். கேமரா நடுங்குது, வெளிச்சம் ஏறி எறங்குது, என்கிட்ட யாராவது அந்த ஃபுட்டேஜ குடுத்திருந்தா ஷேக்கா இருக்குன்னு மொதல் வேலையா வெட்டித் தள்ளியிருப்பேன். திரும்பி வர்ற வழியில எல்ம்ஸ்ஹார்ன் போறாரு, அங்க அப்படி ஒரு முகாம் இருந்ததே யாருக்கும் ஞாபகம் இல்ல, சின்னப் பசங்க ஓடி வெளையாடறாங்க. அந்த எடத்த நான் எத்தன தடவ ரீவைண்ட் பண்ணேன்னு தெரியாது. அதுலருந்து கல்யாண வீடியோல தாத்தா பாட்டி சும்மா உக்காந்திருக்கற ஷாட்டுங்கள வெட்டறதில்ல, கஸ்டமர் கேட்டாலும் தனி ஃபோல்டர்ல போட்டுக் குடுத்துடறேன்.

84 வயசுல, 2007ல, தினம் ஒரு சின்ன வீடியோன்னு வருஷம் முழுக்க இன்டர்நெட்ல போட்டாரு. 2019 ஜனவரில நியூயார்க்ல காலமானாரு, 96 வயசு.

ஒரு சின்ன திருத்தம் மட்டும் போட்டுடுங்க சார். கட்டுரையோட வந்த மேக்கஸ் ஃபோட்டோவுக்குக் கீழ, தன் போலெக்ஸ் கேமராவுடன்னு போட்டிருந்தீங்க. அவரு கையில இருந்தது வீடியோ கேமரா.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன், ஒரு கல்யாண வீடியோக்காரன்