ஃப்ளாய்ட் சலூனைத் தாண்டிப் போகும் கேப்டன்

அன்புள்ள சேகர்,

கடிதமும், ஒரு தொடரில் வந்த செட்டும் சாமானும் இன்னொன்றிலும் வருகின்றன என்று காட்ட நீ ஜோடி ஜோடியாக ஒட்டி அனுப்பிய படங்களும் கிடைத்தன. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்ல சேதி. உட்கார்ந்து பழைய அமெரிக்கத் தொடர்களாகப் பார்த்துத் தள்ளுகிறாய் என்பதும் படங்களிலிருந்தே தெரிகிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்: தெருவும் பறக்கும் தட்டும் சரி, நாற்காலி தவறு, கோட்டை ஓவியம் உன் கண்ணில் படாததற்கு உன் டிஸ்க்தான் காரணம்.

தெருவில் உனக்கு முழு மதிப்பெண். விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபார்எவர்’ (1967) பகுதியில் கேப்டன் கிர்க்கும் ஈடித் கீலர் என்ற பெண்ணும் நடந்து போவது 1930-இன் நியூயார்க்கில் என்பது கதை. அவர்கள் தாண்டிப் போகும் கடைக் கண்ணாடியில் ‘ஃப்ளாய்ட்ஸ் பார்பர் ஷாப்’ என்ற எழுத்து இருக்கிறது. அது ஆண்டி கிரிஃபித் ஷோவில் (1960–68) வரும் மேபெரி என்ற கற்பனை ஊரின் சலூன். கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ‘ஃபார்ட்டி ஏக்கர்ஸ்’ என்று ஒரு வெளிப்புறப் படப்பிடிப்பு மைதானம் இருந்தது. பெயர்தான் 40 ஏக்கர், அளந்தால் 30-கூடத் தேறாது. 1938 டிசம்பரில் அங்கே நின்ற பழைய செட்டுகளைக் கொளுத்தித்தான் ‘கான் வித் த விண்ட்’ படத்தின் அட்லாண்டா தீ விபத்தை எடுத்தார்கள். காலியான இடத்தில் கட்டிய அட்லாண்டா தெருவே பிறகு மேபெரி ஆயிற்று. 1957-இல் ஆர்கேஓ ஸ்டூடியோவின் சொத்துகளோடு அந்த மைதானமும் டெசிலூ என்ற தயாரிப்புக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஸ்டார் ட்ரெக் எடுத்ததும் டெசிலூ. அதனால்தான் ‘மிரி’, ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி ஆர்க்கான்ஸ்’ பகுதிகளிலும் அதே தெரு. 1976-இல் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘அதே மாதிரி இருக்கிறது’ என்று கண் சொன்ன உடனே, அந்தப் பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரே கம்பெனியின் காம்பவுண்டுக்குள் இருந்ததா? இரண்டு கம்பெனிகளும் ஒரே கடையில் வாடகைக்கு எடுத்தார்களா? செய்தவரே தன் கையோடு எடுத்துப் போனாரா? மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் அது வெறும் ஜாடைதான்.

பறக்கும் தட்டைப் பார். எம்ஜிஎம் 1956-இல் எடுத்த ‘ஃபார்பிடன் பிளானட்’ படத்தின் சி-57டி விண்கப்பல் அது. மினியேச்சர் மூன்று அளவுகளில் செய்தார்கள்: 22, 44, 88 அங்குலம். ‘தி ட்விலைட் ஸோன்’ தொடர் (1959–64) படமானதும் அதே எம்ஜிஎம் ஸ்டூடியோவில். கிடங்குச் சாவி பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தது என்று வைத்துக்கொள். ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ (1960) கடைசியில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் போட்டிருப்பது அந்தப் படத்தின் கப்பல் ஊழியர் சீருடை. அந்த மேப்பிள் தெருவோ எம்ஜிஎம்மின் ஆண்டி ஹார்டி படங்களுக்காக இருந்த தெரு. ‘தி இன்வேடர்ஸ்’ (1961), ‘டெத் ஷிப்’ (1963) இரண்டிலும் அதே தட்டு. நீ ‘டெத் ஷிப்’பைப் பிடித்திருக்கிறாய், மற்றதையும் பார்த்துவிடு. படம் கலர், தொடர் கருப்பு வெள்ளை என்பதால் நிறத்தை நம்ப முடியாது. விளிம்பின் சரிவையும், நடுக் குமிழின் உயரத்துக்கும் தட்டின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தையும் ஒப்பிடு.

ராபி ரோபோவை நீ விட்டுவிட்டாயே! அதே படம், அதே கிடங்கு. அன்றைக்கே செய்து முடிக்க சுமார் 1,25,000 டாலர் ஆயிற்றாம். போட்ட காசை எடுக்காமல் விடுவார்களா? ட்விலைட் ஸோனின் ‘அங்கிள் சைமன்’ (1963), ‘தி பிரெய்ன் சென்டர் அட் விப்பிள்ஸ்’ (1964), பிறகு வெளியிடங்களுக்கு வாடகைக்குப் போய் ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’, 1974-இல் ‘கொலம்போ’ வரை வந்துவிட்டது. பல இடங்களில் தலையை மாற்றியிருப்பார்கள். ஆகவே முகத்தைப் பார்த்துத் தேடினால் ஏமாந்துபோவாய். காலைப் பார்: உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின அந்தக் கால்களை யாரும் மாற்றவில்லை. லாஸ்ட் இன் ஸ்பேஸின் சொந்த ரோபோவை வடிவமைத்ததும் ராபியில் வேலை பார்த்த ராபர்ட் கினோஷிட்டாதான். இரண்டுக்கும் குடும்பச் சாயல் தெரிவது அதனால். ஆனால் சாயல் வேறு, அதே பொருள் வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதாதே. 2017-இல் ராபி ஏலத்தில் சுமார் 53 லட்சம் டாலருக்குப் போனது.

இனி நாற்காலி. ஸ்டார் ட்ரெக்கின் என்டர்பிரைஸ் விண்கப்பலில் இருக்கும் நாற்காலி இன்னொரு தொடரின் அலுவலகக் காட்சியிலும் வந்ததால் ‘அதே நாற்காலி’ என்று எழுதிவிட்டாய். அவை டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் இருந்த பர்க் கம்பெனி செய்து கடையில் விற்ற நாற்காலிகள். செட்டுக்காகக் கொஞ்சம் மாற்றினார்கள், அவ்வளவுதான். கேப்டன் நாற்காலியின் உடம்பும் மேடிசன் ஃபர்னிச்சர் என்ற கம்பெனியின் சாதாரணச் சரக்கே. ஆயிரக்கணக்கில் விற்ற பொருளில் வடிவம் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. அங்கே ஒரு கீறல், தேய்ந்த விளிம்பு, தப்பான இடத்தில் போட்ட ஸ்க்ரூ என்று வடிவமைத்தவர் யோசிக்காத ஏதாவது ஒன்று இரண்டு படங்களிலும் ஒத்துப்போக வேண்டும். பேட்மேனின் குகையிலும் லாஸ்ட் இன் ஸ்பேஸிலும் விளக்கு மின்னும் பரோஸ் 205 கம்ப்யூட்டர் கன்சோலுக்கும் இதே விதிதான். இரண்டிலும் பரோஸ் 205 என்பது உறுதி. ஒரே பெட்டியா என்பதைத் தழும்பு பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செங்கல் சுவரிலும் பாறையிலும் தழும்பே ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். செட் சுவர்கள் அச்சில் வார்த்த பலகைகள். மூலச் சுவரில் இருந்த விரிசல் ஒவ்வொரு பலகையிலும் அச்சு அசலாக வரும். ஒரே சுவரில் கொஞ்சம் தள்ளி அதே விரிசல் மறுபடி வந்தால் அது அச்சின் அடையாளம், சுவரின் அடையாளம் இல்லை. பலகைகள் சேரும் இடத்தில் பூசிய இணைப்பைத் தேடு. அது மேஸ்திரியின் கைவேலை, ஒவ்வொரு சுவரிலும் வேறு மாதிரி இருக்கும்.

உன் கோட்டை ஓவியத்துக்கு வருகிறேன். ‘தி கேஜ்’ முன்னோட்டப் பகுதியில் ரைஜல் கிரகத்துக் கோட்டையாக வரும் மேட் பெயிண்டிங் (செட்டுக்குப் பதில் வரைந்து படத்தோடு சேர்க்கும் பின்னணி ஓவியம்), ‘ரிக்வியம் ஃபார் மெதுசேலா’வில் (1969) ஃப்ளின்ட்டின் மாளிகையாக மறுபடி வருகிறது என்று நான் எழுதியிருந்தேன், நீ தேடிப் பார்த்து ‘அப்படி ஒன்றுமே இல்லை’ என்கிறாய். நீ பார்ப்பது 2006-க்குப் பிறகு கம்ப்யூட்டரில் புதுப்பித்த பதிப்பு. விண்கப்பல் ஷாட்டுகளையும் ஓவியங்களையும் அதில் புதிதாகச் செய்து போட்டிருக்கிறார்கள். ப்ளூரேயின் மெனுவில் பழைய எஃபெக்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது, அதைப் போட்டுப் பார். ‘வேர் நோ மேன் ஹாஸ் கான் பிஃபோர்’ பகுதியின் சுரங்க ஆலை ஓவியம் கொஞ்சம் மாறி ‘டேகர் ஆஃப் தி மைண்ட்’டில் மனநோயாளிகளின் காலனி ஆவதும், ‘எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்’ நகரம் ‘விங்க் ஆஃப் அன் ஐ’யில் வேறு கிரகம் ஆவதும் அப்போதுதான் தெரியும். இன்னொன்று: பழைய தொடரை அகலத் திரைக்கு வெட்டிப் போட்டிருந்தால் தொடாதே. மேலும் கீழும் வெட்டுப்படும். கூரை விளிம்பும் தரையும்தான் செட்டைக் காட்டிக்கொடுக்கிற இடங்கள்.

ஃபிரேம் எடுக்கும்போது கேமரா நகராத இடமாகப் பார்த்து எடு. லென்ஸ் வேறானால் ஆழம் சுருங்கும், விரியும். ஒரே தளத்தில் இருப்பதை மட்டும் அள. ஜன்னலின் அகல உயர விகிதம் சரி, ஜன்னலுக்கும் பின்னால் இருக்கிற தூணுக்கும் உள்ள இடைவெளி சரிப்படாது. இடவலம் திரும்பிய ஷாட்டா என்றும் பார்த்துக்கொள். ஆண்கள் சட்டையில் போட்டிருப்பவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். ஸ்டார் ட்ரெக் சின்னம் இடது மார்பில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் படத்தைத் திருப்பிவிட்டு ஒப்பிடு.

உடை விஷயத்தில் நிறத்தை நம்பியவர் யாரும் உருப்பட்டதில்லை. கிர்க் போட்டது மஞ்சள் சட்டை என்று ஊரே சொல்கிறது. துணி உண்மையில் இளம்பச்சை; விளக்கும் ஃபிலிமும் சேர்ந்து அதைப் பொன்னிறமாக்கின. முதல் இரண்டு சீசனில் வெலூர் துணி, சலவைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் சுருங்கியது. மூன்றாவதில் நைலான் நிட் துணிக்கு மாறினார்கள். சட்டை ஒட்டிக்கொண்டு மேலே ஏறியிருந்தால் நடிகருக்குத் தொப்பை என்று எழுதிவிடாதே. நிறத்தைவிட தையல் கோடு, ஜிப் இருக்கும் இடம், கழுத்துப் பட்டையின் வெட்டு இவையே சாட்சி.

மறுபயன்பாட்டில் எனக்குப் பிடித்தது ரோமுலன் ஹெல்மெட். ரோமுலன், வல்கன், கிளிங்கான் எல்லாம் ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுக்கிரக இனங்கள். ‘பாலன்ஸ் ஆஃப் டெரர்’ (1966) பகுதியில் கூட்டமாக வரும் ரோமுலன்களுக்கெல்லாம் கூர்க்காது ஒட்டினால் மேக்கப் செலவும் நேரமும் தாங்காது. தொடருக்குச் சாமான்கள் செய்த வா சாங் என்பவர் காதை மூடும் ஹெல்மெட் செய்து கொடுத்தார். மறுவருடம் ‘அமோக் டைம்’மில் வல்கன் காவலர் தலையிலும் அதே ஹெல்மெட், அதே காரணம். 1968-இல் ‘தி என்டர்பிரைஸ் இன்சிடென்ட்’டில் ரோமுலன்கள் கிளிங்கான் கப்பலில் வருவார்கள், ‘இப்போது அவர்கள் கிளிங்கான் வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள்’ என்று வசனத்திலேயே சமாளித்துவிட்டார்கள். காரணமே இல்லாமல் ஒரு பாத்திரம் இப்படி விளக்கம் சொன்னால் உடனே காதைத் தீட்டிக்கொள், பக்கத்தில் எங்கோ பழைய சாமான் இருக்கிறது. ‘தி டூம்ஸ்டே மெஷின்’ (1967) கதையில் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் கப்பல், கடையில் விற்ற ஏஎம்டி பிளாஸ்டிக் பொம்மை. அதன் எண் 1017. பொம்மையோடு வந்த என்டர்பிரைஸின் 1701 எண் ஸ்டிக்கரையே மாற்றி ஒட்டினால் வேறென்ன வரும்?

செய்தவரே தூக்கிக்கொண்டு போன பொருளுக்கு, ஜந்து உடைக்குள் புகுந்து நடித்த யானோஷ் ப்ரொஹாஸ்கா போதும். ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரின் கடைசிப் பகுதியான ‘தி ப்ரோப்’பில் (1965) அவர் போட்டு ஊர்ந்த ஜந்து உடையை மாற்றியமைத்து டெசிலூவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அதைப் பார்த்து ஸ்டார் ட்ரெக் எழுத்தாளர் ஜீன் கூன் எழுதிய கதைதான் ‘தி டெவில் இன் தி டார்க்’; அதில் வரும் ஹோர்ட்டா என்ற ஜந்து அந்த உடைதான். இரண்டு தொடருக்கும் கம்பெனி சம்பந்தம் இல்லை, ஆள்தான் சம்பந்தம். பட்டியல் போடும்போது ‘யார் உடைக்குள்’ என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்.

காலப்பயணத் தொடரான ‘தி டைம் டனல்’ (1966–67) பற்றிக் கேட்டிருந்தாய். அதில் பாதி உடைகளைத் தேர்ந்தெடுத்தது பழைய ஃபிலிம் சுருள். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் கிடங்கில் இருந்த படங்களிலிருந்து கூட்டக் காட்சிகளை வெட்டிச் சேர்ப்பார்கள். முதல் பகுதியில் கப்பல் மூழ்குவது 1953-இன் ‘டைட்டானிக்’ படத்திலிருந்து. எட்டத்து ஷாட்டில் இருப்பவரோடு ஒத்துப்போக, கிட்டத்து ஷாட்டில் நடிப்பவருக்கும் அதே ரகம் உடை. ஒட்டு எங்கே என்று பார்க்க, ஷாட் மாறும் இடத்தில் ஃபிலிமின் பொரி (கிரெயின் என்கிற புள்ளிகள்) திடீரென்று பெரிதாகிறதா, கருப்பு சாம்பலாக வெளிறுகிறதா என்று கவனி. பிரதியின் பிரதி என்றால் அப்படித்தான் ஆகும்.

‘பிவிட்ச்ட்’ வீடுகள் பற்றி ஒரு வரி: பக்கத்து வீட்டு கிராவிட்ஸ் அம்மாள் எட்டிப் பார்க்கிற வீட்டின் முகப்புதான் ‘பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி’யின் வீடு. பர்பாங்க்கில் இருந்த அந்தத் தெரு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள்.

நீ அனுப்பிய செய்தித்தாள் படத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். கருங்கூந்தல் பெண்ணின் படம் போட்ட அந்தப் பக்கம், படப்பிடிப்புக்கான போலிப் பத்திரிகை அச்சிடும் எர்ல் ஹேஸ் பிரஸ் அச்சிட்டது என்றால், ‘மேரிட் வித் சில்ட்ரன்’ முதல் ‘மாடர்ன் ஃபேமிலி’ வரை அதே தாள்தான். நிஜப் பத்திரிகையைக் காட்ட அனுமதி வாங்கும் தலைவலிக்கு, சில டாலரில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் தாள் மேல் இல்லையா? உன் ஃபிரேமில் பெண்ணின் முகம் கலங்கியிருக்கிறது. காட்சியில் வாசிப்பவர் தாளைத் திருப்புவதற்குச் சற்று முன், கை நிற்கும் நொடியில் இன்னொரு ஃபிரேம் எடுத்து அனுப்பு. கூடவே டைம் டனல் டிஸ்க்கையும்.

அன்புடன்,
ரகு