மேடையும் வேண்டாம், காசோலையும் வேண்டாம்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சாக்குச் சொல்லப் போவதில்லை, திட்டுவதானால் நேரில் திட்டிக்கொள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம், பூனை உள்பட.

ஒரு பெண்ணைப் படிக்கவைக்க நம் செட்டில் 40,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது, பள்ளி ஆண்டு விழாவில் காசோலையாகக் கொடுக்கப்போவதாக லீடர் அறிவித்துவிட்டாள் என்றாய். மைக்கைக் கண்டால் அவள் விடமாட்டாள் என்பது தெரிந்ததுதானே. ஆனால் இந்தத் தடவை நான் தலையாட்டுவதாக இல்லை.

அப்படி ஒரு பெண்ணின் படிப்பு கல்லூரிக் கட்டணத்தால் நிற்பது அபூர்வம். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. (கல்யாணத்துக்குப் பணமும் தங்கமும் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அம்மாள் பெயரில் தாலித் தங்கம் கொடுத்தது எனக்கு என்றுமே உறுத்தியது.)

படிப்பு நிற்பது சில்லறையில். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் அந்த பஸ் அவள் ஊருக்கு ஒருநாளைக்கு இரண்டே நடை என்றால்? மாலை ஷிப்ட் கல்லூரி விட்டு வருவதற்குள் கடைசி நடை போய்விடும். மெயின் ரோடு வரை புறநகர் பஸ், அதற்குக் காசு. அங்கிருந்து இருட்டில் நடை. இரண்டு நாள் எவனாவது பின்னால் சைக்கிளில் வந்தால் போதும், மூன்றாம் நாள் வீட்டில் "படித்தது போதும்" என்பார்கள். இந்த இடத்தில்தான் நம் பணம் உதவ வேண்டும்: ஷேர் ஆட்டோவுக்கு, அல்லது விடுதியில் சேரும் செலவுக்கு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சாப்பாடும் தங்கலும் இலவசம். வீட்டிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது. இது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

என் கணக்கைக் கேள். சேரும் வாரத்தில் 8,000: பெட்டி, உடுப்பு, புத்தகம், சான்றிதழ் அலைச்சல். பிறகு மாதம் 750 வீதம் 36 மாதம், 27,000. மீதி 5,000 தொடாமல் இருக்கட்டும், காய்ச்சலுக்கும் அரியருக்கும். மூன்று வருடப் படிப்புக்கு இது போதும். ஒரே காசோலையாகப் போனால் அந்த மாதமே நகைக்கடன் வட்டிக்குப் போய்விடும். அவள் அப்பாவைக் குறை சொல்லவில்லை, கடன்காரன் வாசலில் நிற்கும்போது யாரும் அதைத்தான் செய்வார்கள்.

பணம் அவள் பெயரிலேயே, மினிமம் பேலன்ஸ் பிடிக்காத கணக்கில் போக வேண்டும். ஆதார் எந்த வங்கியில் கடைசியாக இணைந்ததோ அங்கேதான் அரசுப் பணம் விழும். பள்ளியில் திறந்த பழைய பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு "வரவே இல்லை" என்று பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியல் என்றால் அதையும் முன்பே சரிபண்ணவேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான், ஆனால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று கை மாற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தபிறகு ஓடினால் கூட்டத்தில் மாட்டுவோம். மார்ச்சிலேயே வாங்கிவிட வேண்டும். கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரி சான்றிதழ் வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கியிருந்தால் இவளுக்கு இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் எனக்கு வழக்கு உண்டு. ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுக்கு எல்லாரும் கொடுப்பார்கள். அவள் வேண்டாம். 380, 400 மார்க் எடுத்து, வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்த பெண் யார் என்று வகுப்பு டீச்சரைக் கேள், டக்கென்று சொல்வார்கள்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள் முதல் செமஸ்டரில் இங்கிலீஷிலோ கணக்கிலோ அரியர் வைப்பாள். வீட்டில் அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே "ஃபெயிலானவளுக்கு எதற்குக் காலேஜ்" என்று கிளம்பிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து நாமும் மார்க் ஷீட் கேட்டுப் பணத்தை நிறுத்தினால், கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தது நாம்தான் என்று வைத்துக்கொள். அரியர் வைத்த மாதம்தான் பணம் ஒருநாள்கூடத் தாமதமாகக் கூடாது. அதே கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் பெண் ஒருத்தியைப் பிடித்து வாரம் இரண்டு மணி நேரம் சொல்லித்தரச் சொல்லலாம், அவளுக்கும் ஏதாவது கொடுத்து.

மாதம் ஒருமுறை அவளிடம் போனில் பேச ஒரு ஆள் வேண்டும். "நல்லா படிக்கிறியா?" என்று கேட்கிற ஆள் வேண்டாம். "பஸ் எத்தனை மணிக்கு வருது, சாப்பிட்டியா, யாராவது தொந்தரவு பண்றாங்களா?" என்று கேட்கிற ஆள். ஓயாமல் பேசுவதற்கு நம் செட்டில் யார் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும்.

லீடரிடம் நீயே சொல். போட்டோ இல்லை, சால்வை இல்லை, அந்தப் பெண்ணின் பெயர் வாட்ஸ்அப்பில் வராது. நான் சொன்னால் பழைய ரங்கோலிச் சண்டை மறுபடி ஆரம்பிக்கும். ஞாயிறு ராத்திரி கூப்பிடு, எட்டு மணிக்கு மேல்.

உன்,
கடைசி பெஞ்சு