அம்பதாவது பெட்டி

டேய் சிறி,

சுகமா இருக்கிறியா, தங்கச்சி, பிள்ளையள் எல்லாரும் சுகமோ. இங்க எல்லாம் வழமைதான். கச்சான் காத்து தொடங்கிட்டு, வீடு முழுக்க மண்.

ஆறு மாசமா நான் மறுமொழி போடல்ல எண்டு நீ கோவத்தில இருப்பாய், தெரியும். உண்மையச் சொல்லுறன், ஏசாத. நீ கனடாவில இருந்து மினக்கெட்டு அனுப்பின அந்த டிராகுலா ரெண்டாம் பாகம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல்ல மச்சான். "எப்பிடி இருக்கு எப்பிடி இருக்கு" எண்டு நீ மூண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டாய், சாமான் அனுப்பினவனுக்கு எப்பிடி மூஞ்சிக்கு நேர சொல்லுறது எண்டுதான் பேசாம ஒளிச்சுக் கொண்டு திரிஞ்சன்.

அட்டையில ஸ்டோக்கர் எண்ட பேரப் பார்த்தோண்ண எனக்கும் நெஞ்சு அடிச்சதுதான். டேக்கர் ஸ்டோக்கர், மூல டிராகுலாவ எழுதின பிராம் ஸ்டோக்கரின்ர சகோதரத்தின்ர பூட்டப்பிள்ளை, இயன் ஹோல்ட் எண்டவரோட சேந்து 2009ல எழுதினது. இரத்த உரித்து எல்லாம் சரி, ஆனா தாத்தா வச்ச காணிய வித்துத் திண்ட மாதிரியெல்லோ வேலை பாத்திருக்கிறார். மூலக்கதை வந்தது 1897ல, இதில கதை நடக்கிறது 1912ல ஆம். மூலக்கதையில டிராகுலாவத் துரத்தினவையில டொக்டர் செவார்ட் மோர்பின் அடிமை, ஜொனதன் குடிகாரன், மீனா இன்னும் குமர்ப்பிள்ளை மாதிரி, மீனாவின்ர பெடியன் குவின்சிக்கு அப்பா ஆர் எண்டு ஒரு இழுவை, இரவு எட்டு மணி சீரியல் தோத்துப்போம். அதோட லண்டன் கொலைகாரன் ஜாக் த ரிப்பர் வாறான், இரத்தத்தில குளிச்சா எண்டு கதை சொல்லுற ஹங்கேரிச் சீமாட்டி எலிசபெத் பாத்தரி வாறா, பிராம் ஸ்டோக்கரையே ஒரு பாத்திரமாக்கி உள்ளுக்கு இறக்கி இருக்கினம், கடைசியில டைட்டானிக்கும் வருது! நான் புத்தகத்த மூடிப்போட்டு வெளியில போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்தன்.

எல்லாத்தையும் விட எனக்குப் பத்தினது, டிராகுலா நல்லவராம். அந்த மனுசன எல்லாரும் பிழையா விளங்கிட்டினமாம். அடேய், நாங்கள் உங்கட வீட்டு விறாந்தையில கரண்ட் இல்லாத இரவில அரிக்கன் லாம்ப வச்சுக்கொண்டு ஒருத்தன்ர சாரத்த ஒருத்தன் பிடிச்சபடி கேட்டது இவருக்கா? நீ இங்கிலிஷ்ல ஒரு பக்கம் வாசிச்சு தமிழில சொல்லுவாய், வேணுமெண்டு இடையில நிப்பாட்டுவாய், மூதேவி. ஜொனதன் சவரம் எடுக்கேக்க பின்னால நிக்கிறவர் கண்ணாடியில தெரியாத இடத்தில நீ நிப்பாட்டினோண்ண குட்டான் மூத்திரம் போக மாட்டன் எண்டு விடியும்வரை அடக்கினது ஞாபகம் இருக்கே?

யோசிச்சுப் பார், மூலக்கதையில டிராகுலாக் கிழவர் தன்ர கோட்டையில இருக்கிற முதல் நாலு அத்தியாயத்தில தான் நல்லா முன்னால வாறார். அதுக்குப் பிறகு முழுக்க மற்றவையின்ர டயரி, கடிதம், தந்தி, பேப்பர் துண்டு. ஆள் எங்கேயோ நிக்கிறார், எங்க எண்டு தெரியாது. இந்த ரெண்டாம் பாகம் அப்பிடிக் கடிதம், டயரி எண்டு போகுதில்ல, எல்லாரும் மேடையில லைட்டுக்குக் கீழ நிண்டு கத்துகினம்.

மூலக்கதையில டிராகுலா இங்கிலாந்துக்கு வாற அந்தக் கப்பல் பகுதிய இப்ப திருப்பி வாசிச்சன். டிமீட்டர். வார்னாவில இருந்து விட்பிக்கு ஒன்பது பேர், ஒவ்வொருத்தரா இல்லாமப் போகினம், கப்டன் சுக்கானில தன்ர கையக் கட்டிப்போட்டு நிண்டபடி செத்துக் கிடக்கிறார். நீ அத வாசிச்ச அண்டைக்கு சந்திரன் அண்ணை இடையில எழும்பிப் போனவர். நாங்கள் பயந்திட்டார் எண்டு பின்னால நிண்டு சிரிச்சம். அவற்ற தம்பி 90ல காணாமல் போய் அப்ப மூண்டு வருசம்கூட ஆகல்ல மச்சான். எங்களுக்கு அது விளங்கவே இல்ல.

சந்திரன் அண்ணையின்ர அம்மா, பெரியம்மா, போன மாசம் மோசம் போயிட்டா. இதச் சொல்லத்தான் உண்மையில எழுதத் தொடங்கினன், எங்கேயோ போயிட்டன். கடைசி மட்டும் இரவில படலைக்குப் பூட்டுப் போட விடேல்ல, அந்தத் தம்பிக்காரன் வந்தா வெளியில நிப்பானாம். அதால திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான் எல்லாம் உள்ளுக்கு வந்து செவ்வரத்தைய மொட்டையாக்கிப் போட்டுப் போகும், அவ ஒரு நாளும் கலைச்சதில்ல. எட்டுச் செலவு முடிஞ்சோண்ண சந்திரன் அண்ணை பூட்டுப் போட்டார். முந்தநாள் பதினொரு மணிபோல அந்த ஒழுங்கையால வரேக்க பாத்தன், மூண்டு மான் படலைக்கு முன்னால நிக்குது. போகுதில்ல. சும்மா நிக்குது.

நீ சந்திரன் அண்ணைக்கு ஒரு கோல் எடு. மெசேஜ் போடாத.

சரி, புத்தகத்துக்கு வாறன். அண்டைக்கு நீ வாசிச்ச எங்கட மூலக்கதைப் பிரதியில கடைசிப் பக்கங்கள் இல்லத்தானே, முடிவ நீயே கட்டி விட்டாய். டிராகுலா படுக்கிறதுக்கு மண் நிரப்பிக் கொண்டுவந்த 50 பெட்டியில 49ஐத்தான் துரத்தினவை பிடிச்சது, அம்பதாவது பெட்டி கப்பலில ஏறித் திருகோணமலைக்கு வந்திட்டு எண்டு. சைனாபேயில 1942ல ஜப்பான்காரன்ர பிளேன் விழுந்து எரிஞ்ச அந்த எண்ணைத் தாங்கிக்குள்ள கவுண்ட் டிராகுலா படுத்திருந்தார், ஒரு இரவு வெளியில வந்தார், நுளம்பு சுத்தி வளைச்சு அவரையே உறிஞ்சிப்போட்டுது, மலேரியா வந்து ஆள் முடிஞ்சுது. கொழும்பில முழுப் புத்தகத்த வாசிக்கும்வரை நான் அதத்தான் நம்பிக்கொண்டு இருந்தன், கூட வேலை செய்தவனுக்குச் சொல்லி அவன் விழுந்து விழுந்து சிரிச்சு எனக்கு மானம் போச்சு. ஆனா இப்ப சொல்லுறன், உன்ர ரெண்டாம் பாகம் இவையின்ரய விட ஆயிரம் மடங்கு திறம். ஒரு திருத்தம் மட்டும் வேணும். 2016ல இலங்கையில மலேரியா இல்ல எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்திட்டுது, இனி டெங்குவத்தான் போட வேணும்.

போன கிழமை கரண்ட் போன நேரம் சின்னவளுக்கு உன்ர முடிவத்தான் சொன்னன். சிரிக்கவே இல்ல. கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டுக் கேக்கிறாள், "அப்பா, அவரக் குடிச்ச நுளம்பு பேந்து ஆரக் கடிச்சது?"

நான் வலைய இழுத்து மெத்தைக்குக் கீழ செருகிப்போட்டுப் படுத்திட்டன். நீதான் கட்டி விட்டனீ, நீயே அவளுக்கு மறுமொழி சொல்லு.

பாபு