கொம்பும் காலும் நகரும் அட்டை

தங்கச்சிமடம்

அன்புள்ள மகளுக்கு,

உன் வகுப்புப் பிள்ளைகள் க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடுகிறார்கள், நடுவில் விரலை வைத்து "இது என்ன?" என்றால் விழிக்கிறார்கள் என்று போனில் சொன்னாயே தாயி, அது பிள்ளைகள் குற்றமில்லை. 216 உயிர்மெய்யையும் அச்சிட்ட படத்தைச் சுவரில் மாட்டினால் வரிசைதான் மனப்பாடமாகும். அதைக் கொஞ்ச நாள் சுருட்டி வை. கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் தனித்தனிப் பட்டையில் எழுதி, இழுத்துச் சேர்த்து வாசிக்கிற நகரும் பட்டை அட்டையைப் பிள்ளைகள் கையாலேயே செய்யவிடு.

சட்டத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். 18 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். அதில் பக்கம் பக்கமாக மூன்று சோடிக் கீறல். ஒவ்வொரு கீறலும் 4.2 செ.மீ. நீளம், மேல் கீறலுக்கும் கீழ் கீறலுக்கும் நடுவே 4 செ.மீ. சோடிக்கும் சோடிக்கும் இடையில் அரை செ.மீ. விடு. அதைவிடக் குறைத்தால் இழுக்கிற இழுப்பில் கிழிந்து இரண்டும் ஒன்றாகிவிடும். அளந்து கோடு போடுவது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், பிளேடு மட்டும் உன் கையில்.

பட்டைகளைச் சார்ட் தாளில் 4 செ.மீ. அகலத்தில் வெட்டு. நடுப்பட்டை மூன்று, மாற்றி மாற்றிப் போட: வல்லினம், மெல்லினம், இடையினம். ஒவ்வொன்றிலும் ஆறு கட்டம், 24 செ.மீ.; பிடித்து இழுக்க இரு முனையிலும் 4 செ.மீ. சேர்த்து 32. இடப்பட்டையில் நான்கு கட்டம்: வெற்றிடம், ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), இணைக்கொம்பு (ை). வலப்பட்டையில் மூன்று: வெற்றிடம், துணைக்கால் (ா), கொம்புக்கால் (ௗ). பின்னாலிருந்து கீழ்க் கீறல் வழியாக முன்னே வாங்கி, மேல் கீறலில் பின்னே விட்டால் ஒரு கட்டம் மட்டும் தெரியும். கொம்பைக் கட்டத்தின் வலது ஓரத்திலும், காலை இடது ஓரத்திலும் ஒட்டி எழுத வேண்டும். நடுவில் எழுதிவிட்டால் மூன்றும் தனித்தனியாக நிற்கும், பிள்ளை சேர்த்து வாசிக்காது.

இனி முக்கியமான இடம். நான்கும் மூன்றும் சேர்ந்தால் ஒரு மெய்க்குப் பன்னிரண்டு சேர்க்கை வரும். அதில் எட்டுத்தான் எழுத்து: க, கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ. மிச்சம் நான்கு செல்லாது. இதை நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. இணைக்கொம்போடு துணைக்கால் வந்து நிற்கும்போது "இது எழுத்தே இல்லை டீச்சர்" என்று அவர்கள் வாயிலிருந்து வரட்டும். கொம்புக்காலைக் கொஞ்சம் சிறிதாக எழுதச் சொல், இல்லாவிட்டால் கௌ-வைக் 'கெள' என்று இரண்டு எழுத்தாக வாசிப்பார்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததால்தான் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் இந்த அட்டைக்குள் அடங்குகின்றன.

இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் இதில் வரா. கி, கீ-யில் குறி மேலே ஒட்டிக்கொள்கிறது. கு, சு, து, மு என்று உகரம் மெய்க்கு மெய் உருவம் மாறுகிறது. அந்த 72 எழுத்துக்கும் தனித்தனி அட்டைதான் வழி. அவற்றையும் பட்டையில் திணிக்கப் பார்க்காதே, குழப்பம்தான் மிஞ்சும்.

எழுத்துக்குப் பட அட்டை செய்து படம் ஒட்டும்போது எல்லா எழுத்துக்கும் முதலெழுத்துச் சொல் தேடாதே. ண, ற, ள, ழ, ன சொல்லுக்கு முதலில் வருவதில்லை. மணல், பறவை, இளநீர், பழம், பனம்பழம் என்று நடுவில் வரும் சொல்லை எடுத்து, அந்த எழுத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடு.

உங்கள் ஊர்க் காற்றும் எங்கள் ஊர்க் காற்றைப் போல உப்பும் ஈரமும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஊறிப் பட்டை கீறலில் சிக்கும். அந்த 2 மி.மீ. தளர்ச்சி அதற்காகத்தான். எழுதிக் காய்ந்த பிறகு பட்டையின் இரு பக்கமும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். மெழுகுக்கு மேல் மை பிடிக்காது, ஆகவே எழுத்து முதலில். ஸ்கெட்ச் பேனா வியர்வைக் கையில் கரையும், மார்க்கரால் எழுது. குண்டூசி, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கும். எதையாவது கட்ட வேண்டியிருந்தால் தங்கூசி நரம்பு, அதான் மீன் பிடிக்கிற நைலான் இழை, இருக்கிறது.

பட அட்டைக்குத் தாளை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது காய்ந்து சுருங்கும்போது அட்டையையும் வளைக்கும். பின்பக்கமும் ஒரு வெறுந்தாளை ஒட்டி, புத்தகக் கட்டுக்கு அடியில் ஓர் இரவு வை. பசைக்கு இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பளபளப்பு வரும்வரை கிண்டு. பூச்சி வராது என்று யாராவது மயில்துத்தம் போடச் சொன்னால் கேட்காதே. அது விஷம், பிள்ளைகள் விரலைச் சூப்புவார்கள். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடு.

கணக்குக்கு ஈர்க்கு இருக்கிறது. 10 செ.மீ. துண்டாக 199 இருந்தால் ஒரு குழுவுக்குப் போதும்: ஒரு நூறுக் கட்டு, ஒன்பது பத்துக் கட்டு, ஒன்பது தனி ஈர்க்கு. ரப்பர் பேண்ட் இந்த வெயிலில் பிசுபிசுத்து அறும். பழைய சைக்கிள் டியூபை அரை செ.மீ. வளையமாக நறுக்கி, இறுகும்வரை சுற்றிப் போடு. 42-இல் 17-ஐக் கழிக்கப் பிள்ளையே ஒரு பத்துக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதால் நூலால் முடிச்சுப் போடாதே. எண்ணுவதற்குக் கரையில் ஒதுங்கும் பவளக் கல்லைப் பொறுக்கி வரவும் சொல்லாதே, வனவிலங்குச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. புளியங்கொட்டை போதும்.

ஈர்க்கு அங்கே கிடைக்காவிட்டால் சொல். கழுவிக் காயவைத்து, உங்கள் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். டியூப் மட்டும் சைக்கிள் கடையில் நீயே கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா